இயல்பாக இருங்கள் என்றேன்

மனைவி கூச்சிங்கிற்குப் புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது அந்தப் படத்தைக் கேட்டாள். அவள் அரசு மருத்துவமனையில் தாதி. தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்கான மேற்பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஆறு மாதம் அங்கே, சரவாக் மாநிலத்தில், ஒரு விடுதி அறையில் தங்க வேண்டும்.

"கட்டிலுக்குப் பக்கத்துல மாட்ட ஒரு படம் வேணும். புள்ளைங்க மூணும் இருக்கணும். ஆனா வரிசையா நின்னு பல்லக் காட்டுற படம் வேணாம். வீட்டுல எப்படி இருக்குதுங்களோ அப்படியே வேணும்" என்றாள்.

"அவ்ளோதானே" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நான் ஒரு செம்பனை ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். எண்ணெயின் ஈரத்தையும் அமிலத்தையும் அளந்து எழுதுவது என் வேலை. சனி ஞாயிறுகளில் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கப் போவேன். கோலா சிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங் வரை பல வீடுகளின் வரவேற்பறையில் நான் எடுத்த படம் தொங்குகிறது. அதிலும் குழந்தைகளை நன்றாக எடுப்பேன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. மணமேடைக்குக் கீழே உட்கார்ந்து ஜிலேபியை நக்கும் குழந்தை, அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு தூங்கும் குழந்தை, இப்படி ஆல்பத்துக்கு நாலைந்து படம் என்னிடமிருந்து நிச்சயம் வரும். பெற்றவர்கள் பார்த்துவிட்டுக் கண் கலங்குவார்கள்.

என் வீட்டில் அந்த வித்தை பலித்ததில்லை. எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்குப் பதின்மூன்று வயது, இந்த ஆண்டுதான் இடைநிலைப்பள்ளிக்குப் போனாள். நடுவில் ஒன்பது வயதுப் பையன். கேமராவைக் கண்டால் அவன் இரண்டு விரல்கள் 'V' போல விரிந்து தானாக மேலே போய்விடும். உதடு இரண்டு பக்கமும் இழுபட்டு, கண் மூடி, முப்பத்திரண்டு பல்லும் தெரியும். கடைக்குட்டிக்கு ஐந்து வயது. அவள் ஒவ்வொரு 'கிளிக்' சத்தத்துக்கும் ஓடி வந்து "காட்டு, காட்டு" என்று கேமராவின் பின்பக்கத்தில் மூக்கை ஒட்டிக்கொள்வாள். திரையில் மூக்குச்சளியைத் துடைப்பதற்குள் மற்ற இரண்டு பேரும் எங்காவது போயிருப்பார்கள்.

முதல் ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்ததும், எல்லாரும் நல்ல துணியில்தானே இருக்கிறார்கள் என்று புக்கிட் மெலாவாத்திக் குன்றுக்குக் கூட்டிப் போனேன். பெரிய மரங்கள், பழைய பீரங்கிகள், மடியில் ஏறி உட்காரும் சாம்பல் நிறக் குரங்குகள். இவ்வளவு இருந்தால் பிள்ளைகள் கேமராவை மறந்துவிடுவார்கள் என்பது என் கணக்கு. குரங்குக்குக் கொடுக்க ஒரு கட்டுப் பயித்தங்காயும் வாங்கிக் கொடுத்தேன்.

"நான் இங்க இல்லேன்னு நெனச்சிக்குங்க. உங்க பாட்டுக்கு வெளயாடுங்க" என்றேன்.

பையன் யோசித்தான். "அப்பா இங்க இல்லேன்னா காடிய யாரு ஓட்டிட்டு வந்தா?"

"டேய், ஒரு பேச்சுக்குச் சொல்றேன்டா. இயல்பா இரு."

"இயல்பான்னா என்னா?"

"நேச்சுரலா."

"ஓ, நேச்சுரலாவா" என்றவன் ஒரு பீரங்கியின் மேல் சாய்ந்து, ஒரு காலை மடக்கி, மோவாயில் கை வைத்து வானத்தைப் பார்த்தான். "நேச்சுரலா இருக்கேன்ப்பா, சீக்கிரம் எடுங்க, கழுத்து வலிக்குது" என்று பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னான்.

கடைக்குட்டியின் கையிலிருந்த பயித்தங்காயை ஒரு குரங்கு பறித்துக்கொண்டு போனது. அவள் வாய் பிளந்து அதையே பார்த்த அந்த ஒரு கணம் நல்ல கணம். ஆனால் நான் அமுக்கியபோது பையனின் இரண்டு விரல்கள் ஓரத்திலிருந்து உள்ளே வந்துவிட்டன.

மூத்தவள்தான் பெரிய பாடு. கேமரா உயரும்போதெல்லாம் தலையை ஒரு ஆட்டு ஆட்டுவாள், முடி முழுவதும் முகத்தில் விழும். இல்லையென்றால் திரும்பிக்கொள்வாள்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் பாரும்மா."

"அதுங்க ரெண்ட எடுங்கப்பா. என்னைய விட்டுருங்க."

"அம்மா மூணு பேரையும் கேட்டிருக்காங்க."

"அப்ப என் பின்னந்தலைய எடுங்க. அதுவும் நான்தானே."

வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கல்யாண மண்டபத்தில் இருநூறு பேரை மேய்ப்பேன், இந்த மூன்றை மேய்க்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து மனைவி எல்லாப் படங்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கடைசியில் கேமராவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"கொரங்குங்க ரொம்ப இயல்பா இருக்குதுங்க" என்றாள்.

ஆலையில் உடன் வேலை செய்யும் நண்பர் ஒருவரிடம் புலம்பினேன். பறவைகளைப் படம் எடுக்கும் பைத்தியம் பிடித்தவர் அவர். "கிட்டப் போகாத லா. தூரத்து லென்ஸ் போட்டு, மறைவா இருந்து எடு. கொக்கு மட்டும் என்னா, நம்மளப் பாத்து இயல்பாவா நிக்கிது?" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது.

அந்த வாரம் ஒரு மாலை, பிள்ளைகள் வீட்டு முன்னால் உள்ள சந்தில் பூப்பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அசாம் ஜாவா பக்கத்துத் தாமான் குடியிருப்பில் எங்கள் வீடு, வரிசை வீடு. நான் காடியின் பின்னிருக்கையில் படுத்து, கண்ணாடியைப் பாதி இறக்கி, நீள லென்ஸை அதன் மேல் வைத்துக்கொண்டேன். வெளிச்சம் பொன்னாக இருந்தது. மூத்தவள் முடியைக் கொண்டை போட்டிருந்தாள். பந்து விழுந்ததும் அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தை முழுசாகப் பார்த்தேன். விரலை அழுத்தப் போன நேரம்.

"தம்பி! காடிக்குள்ள படுத்துக்கிட்டு யாரப் படம் புடிக்கிற?"

எதிர்வீட்டு அக்கா. பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்ற வெளியே வந்தவர். அவர் சாதாரணமாகப் பேசினாலே தெருமுனைவரை கேட்கும்.

மூத்தவள் மட்டையைக் கீழே போட்டுவிட்டு வந்து கண்ணாடி வழியே என்னைப் பார்த்தாள். நான் இன்னும் படுத்தே கிடந்தேன்.

"ஒளிஞ்சி எடுத்தீங்களா?"

"இயல்பா வரணும்னுதாம்மா…"

"எனக்குத் தெரியாம எடுக்குறதுக்குப் பேரு இயல்பா?"

அவள் கண்கள் நிறைந்துவிட்டன. உள்ளே போனாள். கதவு அறைந்த சத்தத்தில் எதிர்வீட்டு அக்கா குழாயை மூடிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சமையலறையில் நின்று மனைவியிடம் கத்தினேன். "நான் பெத்த புள்ளைய நான் ஒரு படம் எடுக்கக்கூடாதா? அப்படி என்னா பண்ணிட்டேன்? ஊருல உள்ள புள்ளைங்களயெல்லாம் எடுக்குறேன், ஒருத்தரும் கதவ சாத்தல!"

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு மகளின் அறைக்குப் போனாள். நெடுநேரம் கழித்து இரண்டு பேரும் சேர்ந்து வெளியே வந்தார்கள். மகள் தன் போனை என்னிடம் நீட்டினாள். முகத்தை மட்டும் வேறு பக்கம் வைத்துக்கொண்டாள்.

வகுப்பு வாட்சாப் குழுவில் ஒரு ஸ்டிக்கர். என் மகளின் முகம். போன கிறிஸ்துமஸுக்கு என் அண்ணன் வீட்டில் எடுத்த படம் அது. ஒரு பெரிய தர்பூசணித் துண்டைக் கடிக்கிறாள். சாறு மோவாய் வழியாக ஒழுகுகிறது. கண் பாதி மூடி, கன்னம் உப்பி, வாய் நிறையச் சிரிப்பு. அவளை நான் எடுத்த படங்களிலேயே சிறந்தது என்று நினைத்திருந்தேன். பெருமை தாங்காமல் அன்றைக்கே குடும்பக் குழுவில் போட்டேன். அத்தைகளும் சித்திகளும் இதயங்களைக் கொட்டியிருந்தார்கள். அதே பள்ளியில் மேல் வகுப்பில் படிக்கும் அண்ணன் மகன் அந்த முகத்தை மட்டும் வெட்டி, அடியில் மலாயில் 'லாப்பார்' என்று பெரிதாக எழுதிப் பரப்பியிருந்தான். பசி என்று அர்த்தம். யாருக்குப் பசித்தாலும், ஓய்வு மணி அடித்தாலும், அந்த முகம் குழுவில் வந்து விழுந்தது.

"எத்தன நாளா?"

"ஸ்கூல் தொறந்ததுலேருந்து."

"நீ ஒன்னும் சொல்லலயா?"

"நானும் அதையே போட்டேன். போடலேன்னா இன்னும் அதிகமா போடுவாங்க."

குழுவை மேலே தள்ளத் தள்ள அந்த முகம் வந்துகொண்டே இருந்தது.

"ஏன்மா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க உடனே பெரியப்பாவுக்கு போன் போடுவீங்க."

நான் அதற்குள் அண்ணனின் எண்ணை அழுத்தியிருந்தேன். மகள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணன் சிரித்தார். "சின்னப் பசங்க வெளயாட்டு லா. படம் நல்லாத்தானே இருக்கு? நீதானே போட்ட?" என்றார். நான் போட்ட சத்தத்தில் எங்கள் வீட்டுப் பூனை அலமாரிக்கு மேல் ஏறிக்கொண்டது. ஒரு வழியாக, பையனைக் கண்டிப்பதாக அவர் ஒத்துக்கொண்டார். பிரச்சினையைத் தீர்த்துவிட்டதாக நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மறுநாள் பள்ளியிலிருந்து வந்த மகள் மறுபடி போனை நீட்டினாள். புது ஸ்டிக்கர் வந்திருந்தது. இந்த முறை என் முகம். ஏதோ ஒரு கல்யாணத்தில், விளக்கு எரியவில்லை என்று நான் யாரையோ திட்டிக்கொண்டிருந்தபோது எடுத்தது. வாய் ஒரு பக்கம் கோணி, நெற்றியில் வியர்வை. அடியில் 'மாரா' என்றிருந்தது. கோபம் என்று அர்த்தம்.

"இது எப்படி இவனுங்ககிட்ட?"

"எல்லாம் குடும்ப குரூப்புலதான் கெடக்குது" என்றாள். அவள் உதட்டோரம் லேசாக அசைந்ததைப் பார்த்தேன். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மாலை மனைவி எல்லாரையும் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்தாள். மூத்தவள் தன் நிபந்தனைகளைச் சொன்னாள். இனி ஒளிந்து எடுக்கக்கூடாது. எடுத்த படத்தை அவளுக்குக் காட்ட வேண்டும். அவள் வேண்டாம் என்றால் அங்கேயே அழிக்க வேண்டும், அதை அழுத்துவது அவள் விரலாகத்தான் இருக்க வேண்டும். எந்தக் குழுவுக்கும் எந்தப் படமும் போகக்கூடாது.

"எனக்கும்" என்றான் பையன்.

"எனக்கும்" என்றாள் கடைக்குட்டி. என்னவென்று அவளுக்குத் தெரியாது.

அந்த வாரத்தின் மிச்ச நாளெல்லாம் நான் எடுத்தேன், அவர்கள் அழித்தார்கள். பையன் தன் விரல்கள் இல்லாத படங்களை அழித்தான். கடைக்குட்டி கேமராவின் குப்பைத்தொட்டிப் பொத்தானை அழுத்துவதில் சுகம் கண்டு, மற்றவர்களுக்குப் பிடித்ததையும் அழித்தாள். மூத்தவள் தான் இருந்த எல்லாவற்றையும் அழித்தாள்.

மனைவி புறப்படுவதற்கு முந்தைய சனிக்கிழமை, சுட்ட மீன் சாப்பிடலாம் என்று கடற்கரைக்குக் கிளம்பினோம். ஜெராம் பக்கம் ஒரு தோட்டத்துச் செம்மண் பாதை வழியாகப் போனால் சீக்கிரம் போய்விடலாம் என்று நான்தான் சொன்னேன். பாதி வழியில் டயர் வெடித்தது. இரண்டு பக்கமும் செம்பனை. அப்போதுதான் ஒரு தூறல் தூறி ஓய்ந்திருந்தது. நான் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மனைவி உருண்டு போன நட்டைத் தேடி மறுபக்கம் குனிந்திருந்தாள். செருப்பில்லாமல் இறங்கிய கடைக்குட்டி வீலென்று அலறினாள். வெட்டிப் போட்ட செம்பனை மட்டையின் முள் காலில் ஏறிவிட்டது.

மூத்தவள் அவளைத் தூக்கி, நான் கழற்றிப் போட்ட சக்கரத்தின் மேல் உட்கார வைத்தாள். தன் தலையிலிருந்து ஒரு ஊசியை உருவினாள். முடி கண்ணில் விழாமல் இருக்க அதை அள்ளிப் பின்னால் செருகிக்கொண்டாள். பையன் தங்கையின் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். முள் தன் காலிலேயே ஏறியதுபோல அவன் முகம் சுருங்கியிருந்தது. சின்னவள் அக்காவின் தோளைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, அழுகையை நிறுத்தி, ஊசியையே பார்த்தாள். ஓலைகளுக்கு நடுவிலிருந்து ஈர வெளிச்சம் நேராக அந்த மூன்று தலைகளின் மேல் விழுந்தது.

நான் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, காடிக்குள் இருந்த கேமராவை எடுத்தேன். ஒளியவில்லை. எட்டடி தள்ளி நேராக நின்று எடுத்தேன். சத்தம் மூத்தவளுக்குக் கேட்டது.

"எடுத்துட்டீங்களா? இருங்க, முள்ள எடுத்துட்டு வந்து பாக்குறேன்" என்றாள், நிமிராமலே.

நான் திரையைப் பார்த்தேன். பதினைந்து வருடமாகப் படம் எடுக்கிறேன். அப்படி ஒன்று எனக்கு அமைந்ததில்லை. எங்கள் வீடு முழுவதும் அதில் இருந்தது. கூச்சிங் அறைச் சுவரில் அது தொங்குவது என் கண்ணுக்கே தெரிந்துவிட்டது.

முள் வந்தது. சின்னவள் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மறுபடி அழத் தொடங்கினாள். மூத்தவள் வந்து கேமராவை வாங்கினாள். தன் முகத்தை மட்டும் பெரிதாக்கினாள்.

"மூக்கு" என்றாள்.

"மூக்குக்கு என்னா?"

"பெருசா இருக்கு. ஒதடும் கோணிக்கிட்டு இருக்கு."

"அம்மாடி, ஒரு நிமிஷம் அப்பா சொல்றத கேளு. இந்தப் படம்…"

"பேசுனது பேசுனதுதானேப்பா."

அழுத்தினாள். "எங்க, நானும் பாக்குறேன்" என்று மனைவி வந்தபோது திரையில் அதற்கு முந்தைய படம் இருந்தது. பையனின் இரண்டு விரல்கள்.

பேசினால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது. மாற்றுச் சக்கரத்தை மாட்டி நட்டுகளை முறுக்கினேன். அன்று முறுக்கிய முறுக்கை, பிறகு பட்டறைக்காரர் இரும்புக் குழாய் போட்டுத்தான் கழற்றினார். முறுக்கும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. கேமராவில் அழித்த படம் உடனே போய்விடுவதில்லை. அதன் மேல் வேறு படம் பதியும்வரை அது கார்டுக்குள்ளேயே கிடக்கும், மீட்டெடுக்க மென்பொருள் இருக்கிறது. ஒருமுறை ஒரு மணமகளின் நலங்குப் படங்களை நானே அப்படி மீட்டிருக்கிறேன். யாரும் பார்க்காதபோது அந்தக் கார்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வேறு கார்டு மாட்டினேன். மீன் எனக்கு ருசிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மடிக்கணினியைத் திறந்தேன். மனைவி மடித்த துணிகளோடு பின்னால் வந்து நின்றாள். என்ன செய்கிறேன் என்று கேட்டாள். சொன்னேன். எவ்வளவு நல்ல படம் என்றும் சொன்னேன்.

அவள் துணியைக் கட்டிலில் வைத்தாள். "ஸ்கூல் லீவுல ஒருநாள் அவ என்னைப் பாக்க கூச்சிங் வந்தா, அந்தப் படத்த நான் எங்கங்க ஒளிச்சி வைக்கிறது?"

"அவளுக்கு மூக்கு பெருசா தெரியுதாம். மூக்கு! என்னா மூக்கு? எங்க குடும்பத்து மூக்கு!"

"அவ மூக்கு. அவ சொல்லட்டும்."

எரிச்சலோடு மூடி வைத்தேன். எரிச்சல் மகள்மேலா, மனைவிமேலா, அந்த அண்ணன் மகன்மேலா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மறுநாள் பூசை முடிந்து வந்து பசியாறும்போது மகளிடம் சொல்லிவிட்டேன். "நேத்து நீ அழிச்ச படம் இன்னும் கார்டுல இருக்கு. நீ சரின்னு சொன்னா எடுக்கலாம்."

"நான் சரின்னு சொல்லலேன்னா?"

"எடுக்க மாட்டேன்."

அவள் ரொட்டியைக் கீழே வைத்தாள். நான் எதிர்பார்த்தது வேறு. அவளுக்கு உறைத்தது வேறு. "அப்ப இந்த வாரம் நான் அழிச்சதெல்லாமே உள்ளதான் இருக்கா?"

"இருக்கும். கொஞ்சம்."

"அழிச்சா அழியாதா? அப்ப எதுக்குப்பா அழிக்கச் சொன்னீங்க?"

கார்டு முழுவதும் வேறு எதையாவது நிரப்பினால்தான் பழையது உண்மையில் போகும் என்று விளக்கினேன். என் வாயாலேயே. அவள் கையை நீட்டினாள். கார்டைக் கொடுத்தேன்.

அதே கார்டைக் காலியாக்கிப் போட்டு, கேமராவை முக்காலியில் மாட்டி, வரவேற்பறை மூலையில் நிறுத்தினாள். வீடியோவை ஓடவிட்டாள். "எதையாவது புடிக்கட்டும். குப்பைதானே" என்றாள். அரை மணிக்கு ஒருமுறை அது தானாக நின்றுவிடும். யாராவது போய் அழுத்திவிட்டு வந்தோம். பேட்டரி தீர்ந்தபோது நானே முனகிக்கொண்டு போய் மாற்றினேன். அந்த முள் படத்தின் மேல் மண்ணை அள்ளிப் போடுவதுபோல இருந்தது.

அன்று மதியம் முழுவதும் பெட்டி கட்டும் வேலை. வரவேற்பறையில் பாதி இடத்தைத் திறந்த பெட்டிகள் அடைத்திருந்தன. மழை பெய்தது. தொலைக்காட்சிக்கு ஒரு சண்டை, கடைசி முறுக்குக்கு ஒரு சண்டை. கேமரா நிற்பதை எல்லாரும் மறந்துவிட்டோம் என்று சொல்ல முடியாது. அதன் காலில் இடறி இரண்டு முறை திட்டினேன். ஆனால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

மாலையில் கார்டு நிறைந்துவிட்டது. மகள் கழற்றப் போனபோது மனைவி, "இரு, கொஞ்சம் ஓட்டிப் பாப்போம். போறதுக்கு முன்ன எல்லாரையும் பாத்த மாதிரி இருக்கும்" என்றாள்.

ஐந்து பேரும் மடிக்கணினி முன்னால் நெருக்கி உட்கார்ந்தோம். மூத்தவளின் விரல்தான் பொத்தானில் இருந்தது. நாங்கள் முன்னும் பின்னும் நடந்தோம், வேகமாக ஓட்டியபோது எறும்புகள்போல ஓடினோம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஓரிடத்தில் மனைவி, "நிறுத்து" என்றாள்.

கடைக்குட்டி அம்மாவின் பெட்டிக்குள், மடித்த சீருடைகளின் மேல் சுருண்டு படுத்திருக்கிறாள். பையன் சோபாவில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கதைப்புத்தகம் படிக்கிறான், கால்கள் சுவரில். மூத்தவள் ரப்பர் பட்டையைப் பல்லில் கடித்தபடி பின்னலைப் பிடித்துக்கொண்டு, பெட்டிக்குள் இருப்பவளைப் பார்த்து ஏதோ சொல்கிறாள். முகம் முழுசாகத் தெரிகிறது, மூக்கோடு. வலது ஓரத்தில் நான். சட்டையில்லாமல் கைலியோடு, தொந்தியைச் சொறிந்துகொண்டு, வாயைத் திறந்து யாரையோ பார்த்துக் கத்துகிறேன்.

"இதுதான்" என்றாள் மனைவி. பிறகு மகளைப் பார்த்தாள்.

மகள் தன் முகத்தைப் பெரிதாக்கினாள்.

"இது ஓகே" என்றாள்.

"இதுல மட்டும் எப்படி ஓகே? அதே மூக்குதானே?" என்று என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தெரியலப்பா. இது ஓகே."

இன்றுவரை அதற்கு மேல் ஒரு விளக்கமும் கிடைக்கவில்லை.

"சரி. ஓரத்துல என்னை வெட்டிட்டுப் போடறேன்" என்றேன்.

"வெட்டக்கூடாது" என்றாள் மகள். "மேசையில பேசுனப்ப நீங்க உங்களுக்கு ஒன்னும் கேக்கலயே."

மற்ற இரண்டு பேரும் கைதட்டினார்கள். மனைவியும் என் பக்கம் பேசவில்லை.

திங்கட்கிழமை காலை அந்த ஒரு காட்சியை மட்டும் படமாக மாற்றிக்கொண்டு கோலா சிலாங்கூரில் வழக்கமாகப் போகும் சீனர் கடைக்குப் போனேன். என் கல்யாணப் படங்கள் அத்தனையும் அவர்தான் அச்சிடுகிறார். திரையில் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். மங்கல், வெளிச்சம் தட்டை, ஓரத்தில் இந்த ஆள் யார், வெட்டிவிடட்டுமா என்று மலாயில் கேட்டார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அச்சுப் போட்டார். இத்தனை லென்ஸ் வாங்கி வைத்திருக்கிறேன். கடைசியில் கடைக்குப் போனது, ஆள் இல்லாமல் நின்ற கேமரா எடுத்த படம்.

மாலை விமானத்தில் மனைவி போனாள். படம் பெட்டியின் மேல்தட்டில் போனது. அண்ணன் மகனின் ஸ்டிக்கர் இப்போதும் எப்போதாவது வருகிறது என்கிறாள் மகள். அவன் ஒருநாள் அண்ணனோடு வீட்டுக்கு வந்து, தரையைப் பார்த்தபடி சாரி சொல்லிவிட்டு, இரண்டு தட்டு சோறு சாப்பிட்டுவிட்டுப் போனான். குடும்பக் குழுவில் நான் இப்போது படம் போடுவதில்லை. ஏன் போடுவதில்லை என்று அத்தைகள் கோபித்துக்கொள்கிறார்கள்.

மனைவி தினமும் மாலையில் அழைக்கிறாள். முதல் வாரம் பிள்ளைகளைப் பற்றிப் பேசினாள். கூட இருக்கும் இபான் இனத்துத் தாதி படத்தைப் பார்த்துவிட்டு, உன் வீட்டில் எல்லாரும் எப்போதும் இப்படித்தானா என்று கேட்டாளாம். இவள் ஆமாம் என்றாளாம். இரண்டாம் வாரத்திலிருந்து பேச்சு மாறிவிட்டது.

"படத்துல உங்களுக்குப் பின்னால சுவத்துல ஒழுகுன கறை தெரியுது. கூரைய எப்ப பாக்கப் போறீங்க?"

"பாக்குறேன்."

"சோபாவுக்குக் கீழ ஒரு தட்டு கெடக்குது. அது இன்னும் அங்கதான் இருக்கா?"

போனைக் காதில் வைத்துக்கொண்டே குனிந்து பார்த்தேன். அங்கேதான் இருந்தது.